கொழுஞ்சி அடி மண்

போன மாதம் எங்கள் விவசாய இலாகாவிலிருந்து எனக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பட்டியலைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. கடலைச் செடியின் வேரில் இருக்கும் முடிச்சு நோய் அல்ல, செடிக்கு நல்லது செய்வது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கே போய்த் தொலைந்தது இந்தக் காகிதம்?

அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் மாரக்காளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஊரில் அவளைப் பற்றிக் கேட்டால், குழிக்காட்டுக்காரியா, அவளுக்கு வாய் நீளமாச்சே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வாய் நீளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாய் சொன்ன எதையும் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இன்றைக்கு ஒன்றேகால் ஏக்கருக்குச் சொந்தக்காரி.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது வெள்ளக்கரடு. மாரக்காள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் மாதையன், மயில்சாமி என்கிற பெரிய பண்ணைக்காரரிடம் ஆளாக இருந்தான். மயில்சாமியை ஆட்கள் எல்லாரும் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். குடிசையும் பண்ணாடி காட்டு ஓரத்தில், அவர் நிலத்தில்தான். அவர் நாளைக்கே காலி பண்ணு என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மழை பெய்து கூரை ஒழுகினால் நாலு பனை ஓலை போடக்கூட அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அவளுக்கு அது பொறுக்கவே இல்லை. நமக்கென்று ஒரு கூடை குப்பை கொட்ட இடம் வேண்டாமா என்று மாதையனை அரித்து எடுத்தாள். அவள் அரிப்பு தாங்காமல்தான் அவன் சர்க்கார் புறம்போக்கில் நிலம் கேட்டுத் தரக்காஸ்து எழுதிப் போட்டான்.

கிடைத்தது. என்ன கிடைத்தது என்று கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரை உடைந்தபோது, கரையைத் தூக்கிக் கட்டுவதற்கு அந்த இடத்தில்தான் மண் வெட்டினார்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல்மண் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்தது வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கல்லும் கட்டாந்தரையும். தோலை உரித்துக்கொண்டு உடம்பை மட்டும் ஏழைக்குக் கொடுத்த மாதிரி. ஊரில் அதற்குக் குழிக்காடு என்று பேர். இதில் ஒரு நிபந்தனை வேறு. உத்தரவு தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் உத்தரவு ரத்து, நிலம் வேறு ஆளுக்குப் போகும்.

உத்தரவு வந்தது 1934ஆம் வருஷம் ஆவணி மாதம். ஐப்பசியில் மாதையன் காலராவில் போய்விட்டான். நிலத்தை மாரக்காள் பேருக்கு மாற்ற அவள் தாலுகா கச்சேரிக்கு ஏழு தடவை நடந்தாள். பேரை மாற்றினார்கள், தேதியை மாற்றவில்லை. புருஷன் செத்த துக்கம், கச்சேரி வாசலில் நின்ற நாள், எல்லாமே அந்த மூன்று வருஷக் கணக்கில்தான் சேர்ந்தது.

முதல் வருஷம் அவள் பாதியில் கம்பும் பாதியில் கடலையும் போட்டாள். இரண்டும் முளைத்தன. முளைத்து ஒரு சாண் வந்ததும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றுவிட்டன. எரு அடிக்க அவளிடம் மாடு இல்லை, இருந்தது இரண்டு ஆடு. அந்தச் சமயத்தில்தான் நான் அந்தப் பக்கம் போனேன். சரவணமுத்து, விவசாய மேஸ்திரி. ஊர் ஊராகப் போய் நல்ல விதை, புது ஏர், எருக்குழி என்று சொல்லித் திரிகிற உத்தியோகம். கையில் குடை, தோளில் பை, மண்டை நிறையக் கர்வம்.

குழிக்காட்டில் இறங்கி நாலைந்து கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நூல் மாதிரி மொழுக்கென்று இருந்தது. நல்ல கடலை வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். ஒரு முகாமில் எங்கள் இலாகாப் பெரிய ஐயா அதை விளக்கிச் சொல்லியிருந்தார். அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன, காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன, வேலை செய்கிற முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அவை மண்ணில் இல்லாவிட்டால் செடி பட்டினிதான், அப்போது நல்ல கடலைக் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்டால் சரியாகும் என்றார். மேல்மண்ணை வாரிய அன்றைக்கே அந்த உயிர்களும் ஏரிக்கரைக்குப் போய்விட்டன என்று எனக்குப் புரிந்தது. மாரக்காளுக்கும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"பாலுக்கு ஒற ஊத்தற மாதிரிங்களா?"

நான் சிரித்துவிட்டு, அப்படித்தான் வைத்துக்கொள் என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நான் ஒரு மணி நேரம் பேசியதை அவள் ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டாள். எனக்குத்தான் அது முழுசாக விளங்கவில்லை.

உறை என்றதும் அவள் அடுத்த வீட்டைத்தான் நினைத்தாள். குழிக்காட்டை ஒட்டி மயில்சாமியின் கடலைக் காடு. அதே சுண்ணாம்பு மண்தான், ஆனால் மேல்தோல் உரியாதது. கடலை அங்கே கொழுகொழுவென்று நின்றது. நாலு கூடை மண் கொடுங்கள் பண்ணாடி என்று போய்க் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் காட்டு மண்ணை வெளியே கொடுக்கிற வழக்கம் இல்லை, மண்ணைக் கொடுத்தால் வெள்ளாமையும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று சாந்தமாகச் சொன்னார். அவர் தங்கை கல்யாணமாகிப் போனபோது, வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடச் சுரண்டிக் காட்டிலேயே போட்ட குடும்பம் அது. நானும் போய்க் கேட்டேன். எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார். குழிக்காட்டின் மேல் அவருக்கும் ஒரு கண் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, இவர் இல்லாவிட்டால் ஊரில் மண்ணா இல்லை என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தம்மம்பட்டிக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் என் மச்சான் அங்கமுத்துவுக்குக் காடு. செக்கச் செவேலென்ற மண். அங்கே விளைகிற கடலையைப் போல இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை. அடுத்த வருஷம் சித்திரையில் அங்கிருந்து எட்டு மூட்டை மண் வண்டி கட்டிக் கொண்டுவந்தேன். மூட்டையைப் பிரித்ததும் மாரக்காள் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இது மலையடி ஈரத்துல இருந்த செவலை மண்ணுங்க. இங்க சுண்ணாம்புக்கல்லுங்க. அங்கத்த சீவன் இங்க வந்து பொழைக்குமுங்களா?"

உயிர் என்றால் எங்கேயும் உயிர்தான், நீ பேசாமல் இரு என்றேன். அதோடு விட்டேனா? எங்களுக்கு ஒரு விதி உண்டு. மண்ணைச் சோதனைக்கு அனுப்புவதென்றால் நன்றாக உலர்த்தி, பொடித்து, சலித்துத்தான் பையில் போட வேண்டும். உப்பு, சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு அது சரியான விதிதான். பதினெட்டு வருஷமாக அதைச் செய்து செய்து என் கை அதிலேயே பழகிப்போயிருந்தது. எட்டு மூட்டை மண்ணையும் கரட்டுப் பாறையில் பரப்பச் சொன்னேன். சித்திரை வெயில். வெறுங்காலை வைத்தால் கொப்பளிக்கும். ஆறு நாள் காய்ந்தது. மாரக்காள் முறத்தில் புடைத்துச் சலிக்கும்போது மறுபடியும் கேட்டாள்:

"ஒறமோர வெய்யல்ல காய வெச்சா தயிரு தோயுமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதப் படிக்கத் தெரியாதவள், பதினெட்டு வருஷ சர்வீஸ்காரனுக்குப் பாடம் சொல்கிறாளே என்று கோபம். நீயே மேஸ்திரி வேலை பாரேன், நான் உன் ஆட்டை மேய்க்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் அடுத்த முறம் மண்ணை அள்ளினாள்.

அந்த வருஷக் கடலையும் மஞ்சளாகத்தான் நின்றது. முப்பது செடி பிடுங்கினேன். ஒரு முடிச்சு இல்லை. வெயில் கொன்றதா, செம்மண் உயிருக்குச் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டையும் அவள் முன்னாலேயே சொன்னாள் என்பது மட்டும் தெரியும். மாதாந்திர ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதினேன்? மழைக் குறைவால் பயிர் பொய்த்தது என்று எழுதினேன். அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் தன் பங்குக்குக் கணக்கில் குழிக்காட்டுக்கு எதிரே இரண்டாவது முறையாகத் தரிசு என்று எழுதிக்கொண்டார்.

இனி ஒரே வருஷம்தான் பாக்கி. நான் வெட்கத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. மாரக்காள்தான் என்னைத் தேடி வந்தாள். 1937, ஆனி மாதம். நான் பக்கத்து ஊர்ச் சாவடியில் முகாம் போட்டிருந்தேன். மடியிலிருந்து ஒரு கொழுஞ்சிச் செடியை வேரோடு எடுத்து என் முன்னால் போட்டாள். கொழுஞ்சி தெரியும்தானே, வரப்பு ஓரம், வண்டித்தடம் என்று தானாக முளைத்துக் கிடக்கிற செடி. ஊதாப் பூ பூக்கும். நெல் வயலுக்குத் தழை மிதிக்க அதைப் பிடுங்கிப் போடுவார்கள். மயில்சாமியின் ஏரி வயலுக்குத் தழை பிடுங்கும் கூலிக்குப் போனவள், பிடுங்கிய வேரைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வேர் முழுக்க முடிச்சு.

எங்கே பிடுங்கினாய் என்றேன். குழிக்காட்டுக்கும் பண்ணாடி காட்டுக்கும் நடுவில் ஒரு புறம்போக்கு மேடு உண்டு. அன்றைக்கு மண் வெட்டியவர்கள் எல்லைக்காக வெட்டாமல் விட்ட மேடு. அதே சுண்ணாம்பு மண், அதே வெயில், யாருக்கும் சொந்தமில்லாதது. அங்கேதான் என்றாள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. அது களைச்செடி, இது பயிர், கடலைக்குக் கடலைக் காட்டு மண்தான் போட வேண்டும் என்று பெரிய ஐயா சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் செடியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"கடலைன்னு பேரு சொன்னாத்தான் அந்தச் சீவனுக்குத் தெரியுமாக்கும். நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க. நான் போடத்தான் போறேன்."

மழை தள்ளிப் போய் ஆடி பிறந்த பிறகுதான் பெய்தது. மழை விட்ட மறுநாளே அவளும் குப்பாயி என்கிற இன்னொருத்தியும் இறங்கிவிட்டார்கள். மேட்டில் கொழுஞ்சி அடி மண்ணை வேரோடு வெட்டிக் கூடையில் போட்டு, மேலே நனைத்த சாக்கை மூடி, வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குச் சுமந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கை மண், அதன் மேல் விதை, உடனே மூடு. வெயில் ஏறினால் நிறுத்திவிடுவாள். சாயங்காலம் திரும்பத் தொடங்குவாள். ஒன்றேகால் ஏக்கருக்கு ஐந்து நாள் ஆயிற்று. கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு அவளால் ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியவில்லை. நான் ஒருநாள் போய் வரப்பில் நின்று பார்த்தேன். உதவிக்கு ஒரு கூடைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. உத்தியோகஸ்தன் அல்லவா.

ஐந்தாவது வாரம் குழிக்காடு கரும்பச்சையாக நின்றது. நான் நம்பாமல் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரெல்லாம் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. பெரிய ஐயா சொன்ன அதே நிறம். என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் கிடையாது. மாரக்காள் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஆவணி பிறந்துவிட்டது, கடலை விளைய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும், தேதி முடிகிறதே என்றாள். பயிரைக் கண்ணால் பார்த்தால் தவணை கொடுக்காமல் இருக்க மாட்டார்கள் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

தேதி முடிகிற நாளில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடக் கர்ணம், அடுத்த காட்டுக்காரர் என்ற முறையில் மயில்சாமி, அப்புறம் அழையாத விருந்தாளியாக நான். இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நடந்து நாலு பக்கமும் பார்த்தார். இந்தக் கல்லுக் குழியிலா இவ்வளவு பச்சை என்று ஆச்சரியப்பட்டார். இரண்டு வருஷம் தரிசுதான், ஆனாலும் இந்த வருஷப் பயிர் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் தவணை கொடுக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று கர்ணத்திடம் சொன்னார். கர்ணம் பேனாவை எடுத்தார். மாரக்காள் கையைக் கூப்பியபடி ஒதுங்கி நின்றாள்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இது எப்படிப் பச்சையானது என்று ஐயாவுக்குத் தெரிய வேண்டாமா? என் இலாகாவின் பெருமை தெரிய வேண்டாமா? காட்டில் இறங்கி நல்ல செடியாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வேரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். முடிச்சை நகத்தால் கீறி அந்தச் சிவப்பையும் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்னால் போனார்.

"அட, இது கத்திரிக்கு வருகிற வேர் முடிச்சு நோய் ஆயிற்றே! எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்படித்தான் நாற்பது செடி போயிற்று" என்றார்.

அதுவும் பொய் இல்லை. கத்திரி வேரிலும் முடிச்சு வரும். அது புழுவால் வருகிற நோய், இது வேறு, இது நல்லது என்று நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. இதற்குள் உயிர் இருக்கிறது என்றேன். உயிரா என்றார். மண் வழியாக ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு வரும் என்றேன். மயில்சாமி அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அப்படியென்றால் என் காட்டுக்கும் வந்துவிடுமே என்று பணிவாகக் கேட்டார். அவர் காட்டில் பத்தடி தள்ளி எந்தச் செடியைப் பிடுங்கினாலும் அதே முடிச்சு இருக்கும். பிடுங்கிக் காட்டுகிறேன் என்று நான் திரும்பினேன். என் காட்டில் கால் வைக்க வேண்டாம் மேஸ்திரி என்றார் அவர், அதே பணிவோடு.

கர்ணம் முன்னால் எழுதியதை அடித்துவிட்டு எழுதினார். பயிரில் வேர் நோய் கண்டிருக்கிறது, பக்கத்து நிலங்களுக்குப் பரவக்கூடும், தவணைக்குச் சிபாரிசு இல்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

நான் மனு எழுதினேன். பெரிய ஐயாவுக்கு எழுதினேன். வேரை உப்புத் தண்ணீரில் போட்டுப் பாட்டிலில் அடைத்து அனுப்பினேன். இது நோய் அல்ல என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் புரட்டாசியிலேயே உத்தரவு ரத்தாகி, பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் குழிக்காடு பயிரோடு மயில்சாமிக்குப் போய்விட்டது. பதிலை எடுத்துக்கொண்டு கச்சேரிக்கு ஓடினேன். முடிந்துபோன விஷயம் என்றார்கள். மாரக்காள் தை மாதம் குடிசையையும் காலி செய்துகொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் கல் உடைக்கப் போனாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. குழிக்காடு இன்றைக்கு அந்த ஊரிலேயே நல்ல கடலைக் காடு. யாராவது மண் கேட்டால் மயில்சாமி கொடுப்பதில்லை, வீட்டு வழக்கமாம்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்த வருஷம் கார்த்திகையில், குழிக்காட்டில் கடலை பிடுங்குகிற அன்று. வரிசையாகக் கூலிப் பெண்கள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி. தன் காட்டில் தான் போட்ட கடலையைக் கூலிக்குப் பிடுங்கினாள். நான் வரப்பில் போய் நின்றேன். பெரிய ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும் என்று ஏதோ உளறினேன். அவள் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். காயும் முடிச்சுமாகத் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"வேரை ஏனுங்க சாமி காட்டுனீங்க? அவரு எலையப் பார்த்துட்டே போயிருப்பாருல்ல."

செடியைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தாள்.